ஆக்சிஜன் இல்லாத சேற்றில் பாக்டீரியா எதைச் சுவாசிக்கிறது?

செல்லூரான்

மகள் பதினொன்றாம் வகுப்பு, நான் பி.காம். நேற்று இரவு அவள் கேட்ட கேள்வியில் சாப்பாடு ஆறிப்போனது.

ஆக்சிஜன் இருந்தால் ஒரு குளுக்கோஸிலிருந்து சுமார் 30 ஏடிபி (செல் செலவழிக்கும் ஆற்றல் நாணயம்) கிடைக்கும், இல்லாவிட்டால் நொதித்தல், வெறும் 2 ஏடிபி என்று படித்திருக்கிறாள். "அப்படியென்றால் கண்மாய்ச் சேற்றுக்குள் இருக்கும் பாக்டீரியா எல்லாம் அந்த ரெண்டை வைத்துத்தான் காலம் தள்ளுகிறதா? அங்கே குளுக்கோஸை யார் கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள்?" என்கிறாள்.

நமக்குக் காற்று நின்றால் சில நிமிடத்தில் கதை முடிந்துவிடும். அவற்றால் மட்டும் எப்படி முடிகிறது? தெரிந்தவர்கள் தமிழிலேயே சொல்லுங்கள், எனக்கும் புரியட்டும்.

சும்மா_படிப்பவன்

இதில் என்ன குழப்பம்? காற்றில்லா சுவாசத்துக்கு இன்னொரு பெயர்தான் நொதித்தல். பாக்டீரியா சின்னது, செலவு கம்மி, ரெண்டு ஏடிபி போதும். முடிந்தது.

நுண்ணோக்கி

முடியவில்லை. கல்லூரியில் நுண்ணுயிரியல் எடுக்கிறேன். வருடாவருடம் முதல் வகுப்பில் இதே பதில் வரும். இரண்டும் ஒன்றல்ல.

செல்லூரான் சார், கோலி சோடா கம்பெனி ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். பாட்டில்கள் எண்ணி வைத்த அளவுதான். கடைகளிலிருந்து காலி பாட்டில் திரும்பி வந்தால்தான் மறுநாள் சோடா நிரப்ப முடியும். செல்லுக்குள் அந்தப் பாட்டில் என்ஏடி என்ற மூலக்கூறு. குளுக்கோஸை உடைக்கும்போது வெளிவரும் எலக்ட்ரான்களை அது வாங்கிக்கொண்டு என்ஏடிஎச் ஆகிறது. அதாவது பாட்டில் நிரம்பிவிட்டது. அதை எங்காவது காலி செய்யாவிட்டால் அடுத்த குளுக்கோஸை உடைக்க முடியாது. சர்க்கரைக் குவியல் மேலேயே உட்கார்ந்திருந்தாலும் பட்டினிதான்.

ஆக ஆக்சிஜன் இல்லாத இடத்தில் முதல் தட்டுப்பாடு சாப்பாட்டுக்கு இல்லை. எலக்ட்ரானை வாங்கிக்கொள்ள ஆள் இல்லை, அதுதான் பிரச்சினை.

இதற்கு இரண்டு வழி. முதல் வழியில் வெளியாளையே தேடுவதில்லை. குளுக்கோஸை உடைத்து வந்த பைருவேட்டின் தலையிலேயே எலக்ட்ரானைக் கட்டிவிடுவது. பைருவேட் லாக்டிக் அமிலமாகிறது, பாட்டில் காலி. தயிரில் நடப்பது இதுதான். இதன் பெயர் நொதித்தல். லாக்டிக் அமிலத்துக்குள் இன்னும் ஏகப்பட்ட ஆற்றல் மிச்சம் இருக்கிறது, அதைத் தொடாமல் அப்படியே வெளியே தள்ளிவிடுகிறது. அதனால்தான் வெறும் 2.

இரண்டாவது வழி, ஆக்சிஜன் இல்லாவிட்டால் வேறொரு வாங்கியைப் பிடிப்பது. நைட்ரேட், மாங்கனீசு, இரும்புத் துரு, சல்பேட், கார்பன் டை ஆக்சைடு. நம் மைட்டோகாண்ட்ரியாவில் இருப்பது போன்ற எலக்ட்ரான் சங்கிலி இவற்றின் செல் சவ்விலும் இருக்கிறது. எலக்ட்ரான் கைமாறிக் கைமாறிப் போகும்போது புரோட்டான்கள் சவ்வுக்கு வெளியே தள்ளப்படும். அவை திரும்பி உள்ளே பாயும் வழியில் ஏடிபி தயாரிக்கும் சக்கரம் ஒன்று சுற்றும். 1961இல் பீட்டர் மிட்செல் இதைச் சொன்னபோது பலர் ஏற்கவில்லை, 1978இல் இதற்கே நோபல் கிடைத்தது. இந்த வழிக்குத்தான் காற்றில்லா சுவாசம் என்று பெயர். சங்கிலி உண்டு, சக்கரம் உண்டு, ஆக்சிஜன் மட்டும் கிடையாது.

எவ்வளவு தேறும் என்பது வாங்கியைப் பொறுத்தது. மேட்டூரில் தண்ணீர் எவ்வளவு உயரத்திலிருந்து விழுகிறது என்பதைப் போல. என்ஏடிஎச் இருக்கும் உயரம் −0.32 வோல்ட். ஆக்சிஜன் +0.82இல் இருக்கிறது, ஆக 1.14 வோல்ட் வீழ்ச்சி. நைட்ரேட் நைட்ரைட்டாகும் படி +0.42, வீழ்ச்சி 0.74. பரவாயில்லை, நல்ல வருமானம். சல்பேட் −0.22, வீழ்ச்சி வெறும் 0.10. வாய்க்கால் மதகு உயரம்தான்.

சும்மா_படிப்பவன்

டீச்சர், பள்ளிப் புத்தகத்தில் "காற்றில்லா சுவாசம்: குளுக்கோஸ் எத்தனாலாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் மாறுதல்" என்கிற மாதிரிதானே இருக்கிறது? பரீட்சையில் நீங்கள் சொன்னதை எழுதினால் மார்க் போகும்.

நுண்ணோக்கி

போகும். பரீட்சையில் புத்தகத்தில் இருப்பதை எழுதச் சொல்லுங்கள். ஈஸ்டையும் தசையையும் மட்டும் வைத்துப் பாடம் எழுதினால் அந்த வரையறை ஓரளவு ஓடும். பாக்டீரியாவிடம் வந்தால் ஓடாது. இ.கோலை என்ற ஒரே பாக்டீரியாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஆக்சிஜன் இருந்தால் அதைப் பிடிக்கும், இல்லாவிட்டால் நைட்ரேட், அதுவும் இல்லாவிட்டால் ஃபியூமரேட். எதுவுமே கிடைக்காதபோதுதான் நொதித்தலுக்கு இறங்கும். ஒன்றின் கையில் இரண்டு வழியும் தனித்தனியாக இருக்கிறதே, அப்புறம் எப்படி இரண்டும் ஒன்றாகும்?

மாவுக்கடை

நான் இட்லி மாவு அரைத்து விற்பவன். எங்கள் மாவு பொங்குவது ஈஸ்டால் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். தயிர் பொங்குவதில்லையே, மாவு மட்டும் ஏன் பொங்குகிறது? அப்புறம் மாவுத் தூக்கின் மூடியைச் சும்மா சாத்தித்தான் வைக்கிறோம், காற்று உள்ளே போகத்தானே செய்கிறது? காற்று இருந்தால் ஏன் நொதிக்க வேண்டும்?

நுண்ணோக்கி

நல்ல கேள்வி, மூன்றையும் சேர்த்துச் சொல்கிறேன்.

இட்லி மாவில் முக்கிய ஆள் லூகோநாஸ்டாக் மெசன்டிராய்ட்ஸ் என்ற பாக்டீரியா. உளுந்தோடும் அரிசியோடும் தானாகவே வந்துவிடுகிறது. தயிர் பாக்டீரியா ஒரு குளுக்கோஸை இரண்டு லாக்டிக் அமிலமாக உடைக்கும், வாயு வராது. லூகோநாஸ்டாக் வேறு பாதையில் போகும். ஒரு லாக்டிக் அமிலம், ஒரு எத்தனால், ஒரு கார்பன் டை ஆக்சைடு. அந்த வாயுவை உளுந்தின் கொழகொழப்பு பிடித்து வைத்துக்கொள்வதால் மாவு எழும்புகிறது. ஈஸ்ட் கொஞ்சம் இருக்கலாம், ஆனால் அது இல்லாமலும் மாவு பொங்கும். இந்தப் பாதையில் ஒரு குளுக்கோஸுக்கு நிகரமாக 1 ஏடிபிதான் தேறும். உங்கள் வியாபாரமே அந்த ஒற்றை ஏடிபியில் நடக்கிறது.

காற்று இருந்தும் ஏன் நொதிக்கிறது? லாக்டிக் அமில பாக்டீரியாக்களுக்கு எலக்ட்ரான் சங்கிலிக்குத் தேவையான ஹீம் என்ற இரும்புள்ள மூலக்கூறைத் தாங்களே செய்துகொள்ளத் தெரியாது. அதனால் காற்று இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவற்றுக்கு ஒரே பிழைப்புதான். இன்னொரு வேடிக்கை, அந்த ஏடிபி சக்கரம் அவற்றிடமும் இருக்கிறது. ஆனால் தலைகீழாகச் சுற்றும். வெளியே புளிப்பு ஏற ஏற உள்ளே புரோட்டான் கசியும். சம்பாதித்த ஏடிபியைச் செலவழித்து அந்தப் புரோட்டானை வெளியே இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும், ஓட்டைப் படகில் தண்ணீர் இறைப்பது போல.

மாவுக்கடை

அதனால்தான் புளித்த மாவு ஒரு கட்டத்துக்கு மேல் பொங்காமல் அமுங்கிவிடுகிறதோ?

நுண்ணோக்கி

அமுங்குவதற்குக் குமிழ்கள் உடைவதும் ஒரு காரணம். ஆனால் புளிப்பு ஏறும்போது லூகோநாஸ்டாக் சோர்ந்துபோய், அமிலம் தாங்கும் வேறு பாக்டீரியாக்கள் கையில் மாவு போய்விடும் என்பது உண்மை.

வடவாறு

நான் தஞ்சைப் பக்கம் நெல் போடுபவன். ஏடிபி எல்லாம் எனக்குத் தெரியாது, ஆனால் சேறு தெரியும். பார்த்ததைச் சொல்கிறேன், எது எது என்று நீங்கள் சொல்லுங்கள்.

தொழி உழவு முடிந்து தண்ணீர் கட்டினால் கொஞ்ச நாளில் சேற்றின் செம்மை போய்ச் சாம்பல் நிறம் வந்துவிடும். வரப்போரத் தண்ணீர் மேல் எண்ணெய் ஊற்றியது போல் வானவில் படலம் படரும். தக்கைப்பூண்டை அளவுக்கு மேல் மடக்கி உழுது உடனே நட்டால் அழுகிய முட்டை வாடை வரும், நாற்றின் வேர் கறுக்கும். அப்புறம் வயலில் இறங்கி நடந்தால் காலடியில் புளுபுளுவென்று குமிழி கிளம்பும்.

நுண்ணோக்கி

அண்ணே, நான் ஒரு பருவம் முழுக்க நடத்துவதை நாலு வரியில் சொல்லிவிட்டீர்கள். அதே வரிசையில் வருகிறேன்.

காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் ஆக்சிஜன் சுமார் 10,000 மடங்கு மெதுவாகத்தான் பரவும். தண்ணீர் கட்டியதும் மண்ணில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனை பாக்டீரியாக்கள் ஒரு நாளைக்குள் காலி செய்துவிடும். மேலாக ஒரு சில மில்லிமீட்டர் மட்டும் ஆக்சிஜன் இருக்கும். அதற்குக் கீழே பந்தி போல வரிசை. அதிக வருமானம் தரும் வாங்கி முதலில் தீரும்.

முதலில் நைட்ரேட். அது கடைசியில் நைட்ரஜன் வாயுவாகிக் காற்றில் கலந்துவிடும். நடுவழியில் நைட்ரஸ் ஆக்சைடும் கொஞ்சம் தப்பும். தண்ணீர் நிற்கும் நெல்வயலுக்கு நைட்ரேட் உரம் போடாதீர்கள் என்று சொல்வது இதனால்தான். உங்கள் காசை பாக்டீரியா சுவாசித்துவிடும்.

அடுத்து மாங்கனீசு, அப்புறம் இரும்பு. செம்மண்ணின் சிவப்பு, இரும்புத் துரு. அதன் மேல் எலக்ட்ரானைக் கொட்டினால் அது கரையும் இரும்பாக மாறும், சிவப்பு போய்ச் சாம்பல் நிறம் வரும். அந்த இரும்பு மேலே வந்து காற்றைத் தொட்டதும் மறுபடி துருவாகிப் படலம் கட்டும், அதுதான் உங்கள் வானவில். எண்ணெயா இரும்பா என்று பார்க்க ஒரு குச்சியால் கலைத்துப் பாருங்கள். எண்ணெய் உடனே மறுபடி சேர்ந்துகொள்ளும். இரும்புப் படலம் அப்பளம் போலத் துண்டு துண்டாக உடையும்.

அதற்கப்புறம் சல்பேட். அதைச் சுவாசித்தால் வெளிவரும் மூச்சு ஹைட்ரஜன் சல்பைடு, அழுகிய முட்டை வாடை. 1895இல் பெயரிங்க் என்ற டச்சுக்காரர் இந்த பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார். பாவப்பட்ட பிழைப்பு இது. சல்பேட் சும்மா எலக்ட்ரானை வாங்காது, முதலில் 2 ஏடிபி அளவுக்குச் செலவு செய்து அதை உசுப்பிவிட வேண்டும். முதல் போட்டுத்தான் வியாபாரமே தொடங்கும்.

வேர் கறுப்பது அந்த சல்பைடும் இரும்பும் சேர்ந்த இரும்பு சல்பைடு. இரும்பு நிறைய உள்ள மண்ணில் இது ஒரு பாதுகாப்பும்கூட, விஷ வாயுவை இரும்பு பிடித்து வைத்துக்கொள்கிறது. இரும்பு குறைந்த மணற்பாங்கான வயலில்தான் வேர் நேரடியாக அடி வாங்கும். ஜப்பானில் இதற்கு அகியோச்சி என்று தனிப் பெயரே உண்டு. நல்லபடியாக இருக்கும் நெல் தன் தண்டுக்குள் உள்ள காற்றுக் குழாய் வழியாக வேருக்கு ஆக்சிஜன் அனுப்பும், அதனால் வேரைச் சுற்றிப் பழுப்பாகத் துரு படியும். பழுப்பு வேர் நல்லது, கறுப்பு வேர் ஆபத்து.

கடைசிப் பந்தி கார்பன் டை ஆக்சைடு. அதைச் சுவாசிக்கும் பாக்டீரியா மீத்தேனை வெளிவிடும். காலடிக் குமிழி பெரும்பாலும் அதுதான். ஆனால் குமிழியாக வருவது கொஞ்சம்தான், மீத்தேனின் பெரும்பகுதி அதே தண்டுக் குழாய் வழியாக மேலே போகிறது.

வடவாறு

சரிதான். வேர் கறுத்தால் தண்ணீரை வடித்து இரண்டு நாள் மண்ணைக் காய விடுவோம், வெள்ளை வேர் மறுபடி விடும். காய்ச்சலும் பாய்ச்சலுமாகக் கட்டினால் மீத்தேன் குறையும் என்று வேளாண் கூட்டத்தில் சொன்னார்கள். தண்ணீர் மிச்சம் என்று மட்டும்தான் நான் காதில் வாங்கினேன்.

நுண்ணோக்கி

காய விடும்போது ஆக்சிஜன் உள்ளே போய்ச் சாம்பல் இரும்பைத் துருவாக்கும், சல்பைடைச் சல்பேட்டாக்கும். தீர்ந்துபோன பந்திகளை மறுபடி பரிமாறிவிடுகிறீர்கள். திரும்பத் தண்ணீர் கட்டினால் முதல் பந்தியிலிருந்து தொடங்கித்தான் மீத்தேனுக்கு வர வேண்டும்.

சும்மா_படிப்பவன்

டீச்சர், ஒரு திருத்தம். மீத்தேன் விடும் "பாக்டீரியா" என்று எழுதியிருக்கிறீர்கள். அவை ஆர்க்கியா இல்லையா?

நுண்ணோக்கி

மாட்டிக்கொண்டேன். ஆமாம், ஆர்க்கியா. 1977இல் கார்ல் வோஸ் இவற்றை பாக்டீரியாவிலிருந்து வேறான தனிக் குலம் என்று பிரித்துக் காட்டினார். பேச்சுப் பழக்கத்தில் வந்துவிட்டது. மேலே உள்ளதை மாற்றாமல் விடுகிறேன், உங்கள் கணக்கில் ஒரு மார்க்.

கழிவுநீர்க்காரன்

குடியிருப்பு வளாகம் ஒன்றில் கழிவுநீர் நிலையம் ஓட்டுகிறேன். எங்கள் முதல் தொட்டியே இந்த நைட்ரேட் வேலைதான். காற்று அடிக்காமல் கலக்கி மட்டும் விடுவோம். புதிதாக வரும் ஆட்கள் "பாக்டீரியாவுக்கு நைட்ரேட் சாப்பாடு போடுகிறோம்" என்பார்கள். சாப்பாடு கழிவு, நைட்ரேட் மூச்சு என்று திருத்துவதே என் வேலை.

அனமாக்ஸ் பற்றி யாரும் சொல்லவில்லையே? அம்மோனியாவைச் சாப்பிட்டு நைட்ரைட்டைச் சுவாசித்து நைட்ரஜனை விடும் பாக்டீரியா. 1977இல் எங்கெல்பர்ட் ப்ரோடா என்ற ஆஸ்திரியர் காகிதத்தில் ஆற்றல் கணக்குப் போட்டு, இயற்கையில் இப்படி ஒன்று இருந்தாக வேண்டும் என்று எழுதினார். 1990களில் நெதர்லாந்தின் டெல்ஃப்ட்டில் ஒரு கழிவுநீர் உலையில் ஆளைப் பிடித்தார்கள். 2002இல் ராட்டர்டாமில் முழு அளவு ஆலையே வந்தது. வழியில் அது ஹைட்ரசீன் தயாரிக்கிறது. ராக்கெட் எரிபொருள்!

செல்லூரான்

மகளிடம் முழுவதையும் வாசித்துக் காட்டினேன். அவளுக்கு இன்னும் இரண்டு. ஒன்று, துரு கல் மாதிரி கிடக்கிறது, செல்லுக்குள் நுழையாது. அப்புறம் அதை எப்படிச் "சுவாசிக்க" முடியும்? இரண்டு, குளுக்கோஸை யார் கொட்டுகிறார்கள் என்ற முதல் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லையாம்.

கழிவுநீர்க்காரன்

முதல் கேள்வியை நான் எடுத்துக்கொள்கிறேன். துரு உள்ளே போகாது, எலக்ட்ரான் வெளியே வரும். ஜியோபேக்டர் என்று ஒன்று. 1987இல் அமெரிக்காவின் பொடோமக் ஆற்றுச் சேற்றிலிருந்து எடுத்தார்கள். இந்த இனம் செல்லுக்கு வெளியே மெல்லிய புரதக் கம்பி நீட்டும். கம்பிக்குள் வரிசையாக ஹீம் அடுக்கியிருக்கும், எலக்ட்ரான் அதில் தாவித் தாவிப் போய்த் துருவில் இறங்கும். துருவுக்குப் பதில் கிராஃபைட் தகடு வைத்தால் அதிலும் இறக்கும், கொஞ்சூண்டு மின்சாரம் எடுக்கலாம். பல்பு எரியுமா என்று கேட்காதீர்கள்.

நுண்ணோக்கி

இரண்டாவது என் பங்கு. சேற்றில் குளுக்கோஸ் யாரும் கொட்டுவதில்லை. வைக்கோல், இலை, செத்த வேர். அதை உடைத்துச் சர்க்கரையாக்கிச் சாப்பிடுவது நொதிக்கும் கூட்டம். அவை வெளியே தள்ளும் அமிலமும் ஆல்கஹாலும் ஹைட்ரஜனும்தான் சுவாசிக்கும் கூட்டத்துக்குச் சாப்பாடு. அந்த "வெறும் 2 ஏடிபி" ஆட்கள் மிச்சம் வைத்த ஆற்றல் வீணாகப் போவதில்லை.

சில நேரம் அடுத்தவன் இல்லாமல் முதல் ஆளால் வாழவே முடியாது. மெத்தனோபேசில்லஸ் ஒமெலியான்ஸ்கி என்று ஒரு உயிரி. எத்தனாலைச் சாப்பிட்டு மீத்தேன் விடுகிறது என்று பல ஆண்டு புத்தகத்தில் இருந்தது. 1967இல் பார்த்தால் அது ஒரு உயிரியே இல்லை, ஒட்டிக்கொண்டு வாழ்ந்த இரண்டு! ஒன்று எத்தனாலை அசிட்டேட்டாக்கி ஹைட்ரஜன் விடும். ஹைட்ரஜன் கொஞ்சம் சேர்ந்தாலும் அந்த வேலை நஷ்டத்தில் முடியும். மற்றது அந்த ஹைட்ரஜனை உடனுக்குடன் எடுத்து மீத்தேனாக்கும். பிரித்து வைத்தால் முதல் ஆள் எத்தனாலில் வளர மறுத்துவிட்டது.

வடவாறு

எங்கள் சாண எரிவாயுத் தொட்டி ஒரு முறை படுத்தது இதனால்தானா? கல்யாண வீட்டில் மிஞ்சிய சோற்றை அண்டா அண்டாவாகக் கொட்டினோம். இரண்டு நாளில் அடுப்பு எரியவில்லை, தொட்டி புளித்த கஞ்சியாக நாறியது.

நுண்ணோக்கி

அதேதான். சோறு சாணம் மாதிரி இல்லை, நொதிக்கும் கூட்டம் ஒரே நாளில் அமிலமாக்கிக் குவித்துவிடும். மீத்தேன் ஆர்க்கியா மெதுவாக வளர்பவை, அமில அளவு ஏறினால் வேலையை நிறுத்திவிடும். ஹைட்ரஜன் தேங்கும், நடுவில் இருப்பவையும் நிற்கும். எப்படிச் சரிசெய்தீர்கள்?

வடவாறு

தீனி போடுவதை நிறுத்திவிட்டோம். சுண்ணாம்புத் தண்ணீர் கொஞ்சம், பக்கத்துத் தொட்டியிலிருந்து நாலு வாளிக் கரைசல். மூன்று வாரம் ஆனது. அதுவரை சிலிண்டர்தான்.

நுண்ணோக்கி

செல்லூரான் சார், மகளுக்கு ஒரு வேலை. இரண்டு பிளாஸ்டிக் பாட்டிலில் கண்மாய்ச் சேறு, கிழித்த செய்தித்தாள், கடலைச் செடிக்குப் போடும் ஜிப்சம் ஒரு கரண்டி, மேலே கண்மாய்த் தண்ணீர். ஜிப்சம் என்பது கால்சியம் சல்பேட். ஒரு பாட்டிலில் மட்டும் உரக்கடையில் கிடைக்கும் கால்சியம் நைட்ரேட்டும் ஒரு கரண்டி. மூடியை இறுக்க வேண்டாம், வாயு சேர்ந்தால் வெடித்துவிடும். எது முதலில் கறுக்கும் என்று அவளே எழுதி வைத்துவிட்டுத் தொடங்கட்டும்.

செல்லூரான்

வைத்தாயிற்று. "நைட்ரேட் போடாதது" என்று காலண்டரில் எழுதியிருக்கிறாள். வீட்டம்மா இரண்டையும் மொட்டை மாடிக்கு நாடு கடத்திவிட்டார்.

செல்லூரான்

பதினோராம் நாள். நைட்ரேட் இல்லாத பாட்டிலின் அடியில் மை கொட்டியது போல் கறுப்பு, திறந்தால் முட்டை வாடை. மற்றது இன்னும் மண் நிறம்தான், ஆனால் சேற்றுக்குள் நிறையக் குமிழி. மீத்தேனா?

நுண்ணோக்கி

இத்தனை சீக்கிரம், அதுவும் நைட்ரேட் இருக்கும்போது மீத்தேன் வர வாய்ப்பு குறைவு. பெரும்பாலும் நைட்ரஜன். விட்டுவிட்டுப் பாருங்கள், தீர வேண்டும் அல்லவா.

கழிவுநீர்க்காரன்

சாக்கடைக் குழாயில் முட்டை வாடை வராமல் இருக்க நைட்ரேட் கரைசல் விடுவது இதே கணக்கில்தான்.

செல்லூரான்

முப்பத்து நான்காம் நாள். இன்று காலை இரண்டாவது பாட்டிலின் அடியிலும் விரல் நகம் அளவு கறுப்பு. மகள் அதன் மேல் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறாள்: "நைட்ரேட் தீர்ந்தது. அடுத்த பந்தி."